இஞ்சி பீர் முதல் ஈடு: பாட்டில்ல அடைக்கணும், வயித்துல புளியைக் கரைக்குது

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | ஞாயிறு காலை 6:40

மக்களே, அவசரம். மதியத்துக்குள்ள பதில் வேணும்.

வாழ்க்கையில முதல்தடவையா இஞ்சி பீர் போட்டிருக்கேன். பேர்லதான் பீர். இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சை, தண்ணி, அவ்ளோதான். ஒரு ஜாடியில தோலோட துருவின இஞ்சி, சர்க்கரை ரெண்டையும் தினம் ரெண்டு ஸ்பூன் போட்டு நாலு நாள் வச்சேன். நம்ம ஊர் வெக்கைக்கு மூணாம் நாளே நுரை கட்டிடுச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி கால் கிலோ இஞ்சியைத் தட்டிப் போட்டு அரைக் கிலோ சர்க்கரையோட கொதிக்க வச்சு, ஆறவிட்டு, நாலு எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, ஜாடியில இருந்த புளிப்பை வடிகட்டி ஊத்தினேன். மொத்தம் அஞ்சு லிட்டர். எவர்சில்வர் அண்டால ஊத்தி வாய்க்கு வேட்டித்துணி கட்டியாச்சு.

இன்னைக்குக் காலையில துணியை எடுத்துப் பாத்தா மேல வெள்ளையா நுரை, காதை வச்சுக் கேட்டா சொறசொறன்னு சத்தம். வாசனை சூப்பர்.

பிரச்சினை என்னன்னா, இன்னைக்கு ஆடி ஞாயிறு. எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்தறாங்க. இந்த அண்டாவைத் தரேன்னு அம்மா ஏற்கனவே வாக்கு குடுத்துட்டாங்க. பன்னெண்டு மணிக்குள்ள காலி பண்ணணும்.

கையில இருக்கறது: காயலான் கடையில வாங்கின 650 மில்லி பீர் பாட்டில் ஆறு, ரெண்டு லிட்டர் பொவன்டோ பிளாஸ்டிக் பாட்டில் ரெண்டு. கண்ணாடியில அடைச்சாதான் பாக்க அழகா இருக்கும். மூடி போடற மெஷின் இல்ல, கார்க் வச்சுக் கயிறு கட்டலாம்னு நெனைக்கறேன். ஹால்ல 33 டிகிரி. என்ன பண்ணலாம்?

அம்மா சொன்னது: "தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்குடா, அதுக்குள்ள ஏன் வெடி?"

---

கடற்கரைக்காக்கா | ராயபுரம் | ஞாயிறு காலை 6:58

நைனா, மொதல்ல அந்த கண்ணாடி பாட்டில கீழ வை. வச்சிட்டியா? இப்ப கதைய கேளு.

நம்ம தோஸ்து ஒருத்தன், வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூணாவது மாடி. இதே மாரி எங்கியோ பாத்துட்டு திராட்சை ஜூஸ்ல ஈஸ்ட்ட போட்டு, நாலு கண்ணாடி பாட்டில்ல ரொப்பி, திருகு மூடி போட்டு இறுக்கி, கட்டிலுக்கு அடில தள்ளிட்டான். சித்திரை மாசம். ராவு மூணு மணிக்கு டமால்! ஒண்ணு வெடிச்சதுல பக்கத்துல இருந்ததும் போச்சு. கீழ் வூட்டு அம்மா சிலிண்டர் வெடிச்சிடுச்சுன்னு கொழந்தைய தூக்கினு ரோட்டுக்கு ஓடிட்டாங்க. நம்மாளு மெத்தைல கண்ணாடி ஊசி ஊசியா குத்தினு இருக்கு. அன்னிக்கு அவன் மச்சான் வூட்டு விசேசத்துக்கு போயிருந்தான், அதான் தப்பிச்சான்.

ரெண்டு மாசம் வூட்ல எறும்பு போவல. அத்த சொல்ல மறந்துட்டேன்.

---

தண்டையார்பேட்டை2தெம்பனீஸ் | சிங்கப்பூர் | ஞாயிறு காலை 7:15

தம்பி, பதறாதீங்க. நான் இங்க ஏழெட்டு வருஷமா வீட்டுல நிஜ பீரே காய்ச்சறவன். (சிங்கப்பூர்ல சட்டப்படி அனுமதி உண்டு, வீட்டுக்கு மாசம் 30 லிட்டர் வரைக்கும், சொந்தக் குடிக்கு மட்டும், விக்கக்கூடாது.) என் முதல் ஈட்டுக் கதையைச் சொல்றேன், உங்களுக்கு உதவும்.

பார்லி மால்ட்டை (முளைகட்டிக் காயவச்ச பார்லி) காய்ச்சி, ஹாப்ஸ் (கசப்புக்குப் போடற ஒரு பூ) போட்டு, ஈஸ்ட் தூவி 20 லிட்டர் போட்டேன். புத்தகத்துல 14 நாள்னு இருந்தது. நானும் ஆடி அமாவாசையை எண்ற மாதிரி நாளை எண்ணி, சரியா 14ஆம் நாள் பாட்டில்ல அடைச்சேன். அடர்த்தி மானி (மிதக்கவிட்டு எவ்ளோ சர்க்கரை மிச்சம்னு பாக்கற குழாய்; வெறும் தண்ணிக்கு 1.000, சர்க்கரை இருந்தா அதுக்கு மேல) வாங்கி அட்டைப்பெட்டியிலயே வச்சிருந்தேன். கடைசியா ஒரு தடவை போட்டுப் பாத்தேன், 1.014 காட்டுச்சு. "பரவால்ல"ன்னு விட்டுட்டேன். அது 1.010க்கு இறங்கி நிக்கவேண்டிய பீர்.

அடுத்த தப்பு இன்னும் அழகு. பீர் முழுசா புளிச்சு முடிஞ்சதும் அதுல காத்து ரொம்ப இருக்காது. பாட்டிலுக்குள்ள நுரை வர்றதுக்காக அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை சேக்கணும். லிட்டருக்கு ஆறு, ஆறரை கிராம். அதைக் கொதிக்கிற தண்ணியில கரைச்சு மொத்தமா கலக்கணும். நான் ஒவ்வொரு பாட்டில்லயும் டீஸ்பூனால போட்டேன். ஒண்ணுல தலை தட்டி, ஒண்ணுல கூம்பு மாதிரி. கடைசி பாட்டிலுக்கு வரும்போது எதுல போட்டேன் எதுல போடலைன்னே மறந்துபோச்சு.

அலமாரிக்குள்ள அஞ்சு பாட்டில் வெடிச்சுது. வேலைக்குப் போட்டுட்டுப் போற சட்டையெல்லாம் அதுலதான் தொங்கிட்டு இருந்தது.

இப்ப உங்க விஷயம். எனக்கு மிச்சம் இருந்தது வெறும் நாலு புள்ளி சர்க்கரை (1.014லருந்து 1.010). உங்க அண்டால கிட்டத்தட்ட மொத்தமும் மிச்சம் இருக்கு. அது இனிப்பா இருக்கணும்னுதானே குடிக்கறீங்க? அப்ப ஈஸ்ட்டுக்கு இன்னும் வாரக்கணக்குல சாப்பாடு இருக்கு. பீரை அடைக்கறவன் "முடிஞ்சிடுச்சா"ன்னு கேப்பான். நீங்க கேக்கவேண்டியது "எங்க நிறுத்தப் போறேன்"னு.

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | ஞாயிறு காலை 7:31

அண்ணே, அடர்த்தி மானி இல்ல. ஞாயித்துக்கிழமை இந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? கோயில் ஸ்பீக்கர்ல எல்.ஆர். ஈஸ்வரி பாட ஆரம்பிச்சிட்டாங்க. டைம் ஓடுது.

---

புளிச்சமாவு | மாதவரம் | ஞாயிறு காலை 7:40

தம்பி, பால் டிப்போ திறந்திருக்கும்ல?

சிரிக்காதீங்க. பால்ல தண்ணி கலந்திருக்கான்னு பாக்கற லாக்டோமீட்டரும் அடர்த்தி மானிதான். அதுல 30னு இருந்தா 1.030னு அர்த்தம். பொதுவா 40 வரைக்கும் இருக்கும். நீங்க லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை போட்டிருக்கீங்க, அதனால ஆரம்பத்துல 38 கிட்ட இருந்திருக்கும். பீர் காய்ச்சறவங்களுக்கு இது பத்தாது, அவங்க அளவு இந்தக் கோடுகளுக்குக் கீழ இறங்கிப் போயிடும். பாதியில நிறுத்தற உங்களுக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி.

கணக்கு இதுதான் (நான் லேப்ல குப்பை கொட்டறவ, நம்பலாம்). ஒரு கிராம் சர்க்கரை புளிச்சா ஏறக்குறைய பாதி ஆல்கஹால், பாதி கார்பன் டை ஆக்சைடு. மானியில ஒரு புள்ளி இறங்கினா லிட்டருக்கு ரெண்டேகால் கிராம் சர்க்கரை செலவாகியிருக்குன்னு வச்சுக்கோங்க. அதுல வர்ற வாயு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட. பீர்ல இருக்கற நுரைக்கு ஒரு லிட்டர்ல ரெண்டரை லிட்டர் வாயு கரைஞ்சிருந்தா போதும். கோலாவுக்கு மூணரை, நாலு. அதாவது மூடி போட்டதுக்கப்புறம் நாலே நாலு புள்ளி இறங்கினா உங்களுக்கு வேண்டிய சுர்ருனு வந்துடும்.

இப்ப பயமுறுத்தறேன். போட்ட 100 கிராமும் மூடின பாட்டிலுக்குள்ளேயே புளிச்சா லிட்டருக்கு 49 கிராம் வாயு. கிட்டத்தட்ட 25 லிட்டர் காத்து ஒரு லிட்டர் பாட்டிலுக்குள்ள. எந்தக் கண்ணாடியும் தாங்காது.

அளக்கும்போது ஒரு டம்ளர்ல எடுத்து ரெண்டு மூணு தடவை ஆத்திடுங்க, டீ ஆத்தற மாதிரி. நுரைக்குமிழி ஒட்டினா மானி மேல மிதந்து பொய் சொல்லும். எல்லா அளவையும் ஒரே சூட்டுல எடுங்க. வித்தியாசம்தான் முக்கியம்.

---

கோலிகுண்டு | பழைய வண்ணாரப்பேட்டை | ஞாயிறு காலை 7:52

நம்ம குடும்பத்துக்கே சோடா கம்பெனிதான், தாத்தா காலத்துலருந்து. அந்த உரிமையில ரெண்டு வார்த்தை.

"கோலி சோடா பாட்டில் அவ்ளோ கெட்டியா இருக்கே, அதுல ரொப்பிக்கலாமா"ன்னு அடுத்து கேப்பீங்க, தெரியும். ஆகாது. அந்த பாட்டிலை 1872ல காப்புரிமை வாங்கினவர் ஹைரம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர். கேஸை ஏத்திக்கிட்டே மெஷின்ல தலைகீழா சுத்தணும். அப்பதான் கோலி போய்க் கழுத்துல இருக்கற ரப்பர் வாஷர்ல ஒக்காரும். உள்ள இருக்கற அழுத்தமே அதைப் புடிச்சு வச்சுக்கும். புனல் வச்சு ஊத்திட்டு நுரை வர்ற வரைக்கும் காத்திருந்தா கோலி அடியில கெடந்து உங்களைப் பாத்து இளிக்கும்.

இன்னொண்ணு. சோடாவுல நாங்க கேஸ் சிலிண்டர்ல வால்வைத் திறந்து அளவா ஏத்தறோம், மூடறோம், முடிஞ்சுது. உங்க ஈஸ்ட்டுக்கு வால்வு எங்க இருக்கு?

அப்படியும் எங்க தாத்தாவுக்கு இடது புருவத்துல ஒரு தழும்பு இருந்தது. சோடா பாட்டில் வெடிச்ச தழும்பு. கண்ணு தப்பினதுக்கு திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கு வெள்ளியில கண்மலர் சாத்தினாங்க.

காயலான் கடை பாட்டில் எத்தனை கை மாறினதுன்னு யாருக்குத் தெரியும்? கழுத்துல கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கும். நுரை வந்த பீர் 20 டிகிரியில பாட்டிலுக்குள்ள சுமார் 28 பிஎஸ்ஐ தள்ளும். உங்க ஹால் சூட்டுல 40ஐத் தாண்டும். கார் டயருக்கே 32தான் அடிக்கறாங்க. பிளாஸ்டிக்குல போடுங்க. கூல்டிரிங்ஸ் வந்த பாட்டில் அந்த அழுத்தத்துக்குன்னே செஞ்சது. தண்ணி பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு.

---

லோகோ_ஆன்ட்டி | பெரம்பூர் | ஞாயிறு காலை 8:05

என் கண்ணு, நீயும் பெரம்பூரா? எங்க டாடி ரயில்வேல ஃபிட்டர். லோகோ ஒர்க்ஸ் சைரனுக்குத்தான் எங்க வீட்டுல அடுப்பே பத்தும். கிறிஸ்துமஸுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே மம்மி இஞ்சி ஒயின் போட்டுடுவாங்க. அதுல ஒயினும் கிடையாது ஈஸ்ட்டும் கிடையாது. இஞ்சித் தண்ணி, கிராம்பு, பட்டை, கருக்கின சர்க்கரை, சிட்ரிக் ஆசிட். கல்கல் பலகாரத்தோட ஒரு சின்ன கிளாஸ்ல குடுத்தா பாதிரியார்லருந்து பால்காரர் வரைக்கும் குடிப்பாங்க.

ஆனா டாடி போட்டது நிஜ இஞ்சி பீர். கண்ணாடி பாட்டில்தான், கார்க்தான், நூல் கயிறுதான். பிளாஸ்டிக்கெல்லாம் அப்ப ஏது? ஈர மணல் கொட்டின தொட்டியில கழுத்து வரைக்கும் புதைச்சு வைப்பார். ஒவ்வொரு பாட்டில்லயும் நாலு உலர்ந்த திராட்சை போடுவார். திராட்சை மேல மிதந்தா ரெடி. ஒண்ணும் வெடிச்சது இல்ல.

---

கோலிகுண்டு | பழைய வண்ணாரப்பேட்டை | ஞாயிறு காலை 8:11

ஆன்ட்டி, மணல்ல எதுக்குப் புதைச்சார்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. வெடிச்சா சிதறக்கூடாதுன்னுதான்!

---

லோகோ_ஆன்ட்டி | பெரம்பூர் | ஞாயிறு காலை 8:14

குளிர்ச்சிக்குன்னு சொன்னார்பா.

சரி, ஒரே ஒரு தடவை ஒரு கார்க் பறந்து போய் யேசு படத்துக்குப் பக்கத்துல அடிச்சுது. மம்மி ஒரு வாரம் பேசல. அது வெடிச்ச கணக்குல வராது.

---

வக்கீல்_கோட்டு | ஜார்ஜ் டவுன் | ஞாயிறு காலை 8:20

எல்லாரும் அழுத்தம் பத்தியே பேசறீங்க. சட்டத்தைப் பத்தி ஒருத்தரும் பேசல.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. ராஜாஜி ஆட்சியில அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி சேலம் மாவட்டத்துல முதல்ல நடைமுறைக்கு வந்தது. இன்னிக்கும் உயிரோடதான் இருக்கு. டாஸ்மாக் கடை இருக்கறதால வீட்டுல காய்ச்சலாம்னு அர்த்தம் இல்ல. உரிமம் இல்லாம மது தயாரிக்கறது 4ஆம் பிரிவுப்படி குற்றம். மதுன்னா என்னன்னு சொல்ற இடத்துல பீரும் வருது, ஆல்கஹால் கலந்த திரவமும் வருது. சிங்கப்பூர் சார் சொல்ற மால்ட், ஹாப்ஸ் எல்லாம் சிங்கப்பூரோட நிக்கட்டும்.

---

கடற்கரைக்காக்கா | ராயபுரம் | ஞாயிறு காலை 8:24

அப்ப எங்க ஆயா ராவெல்லாம் ஊற வச்சு காலீல குடிக்குற பழைய சோத்து தண்ணி? இன்னிக்கு தெரு தெருவுக்கு ஊத்தற கூழு? அதுவும் புளிச்சதுதான? ஆத்தாவையே உள்ள தூக்கி வைப்பீங்களா வக்கீலு?

---

வக்கீல்_கோட்டு | ஜார்ஜ் டவுன் | ஞாயிறு காலை 8:33

ஆத்தாவுக்கு நானே ஆஜராவேன், ஃபீஸ் வாங்காம.

கூழையும் பழைய சோத்தையும் யாரும் போதைக்குப் புளிக்க வைக்கறதில்ல. எந்த போலீஸ்காரரும் அதுக்காகக் கதவைத் தட்டப் போறதில்ல. ஆனா பாட்டில், மூடி, ஈஸ்ட், பேர்ல "பீர்"னு வச்சுக்கிட்டு அக்கம்பக்கத்துக்கு வித்தா விஷயம் வேற. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆல்கஹால் 0.5 சதவீதத்தைத் தாண்டினா அது மதுபானம். மதுவிலக்குச் சட்டத்துல அந்த மாதிரி சலுகைக் கோடு எதையும் நம்பிக்கிட்டு இருக்காதீங்க. சோடாவாவே நிறுத்துங்க. கொழந்தைங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி எத்தனை நாள் புளிச்சதுன்னு பாருங்க. விக்காதீங்க.

---

பிராட்வே_பேருந்து | கொருக்குப்பேட்டை | ஞாயிறு காலை 8:41

குறுக்க பூந்ததுக்கு மன்னிக்கணும். இதுல மெத்தனால் வருமா? கள்ளக்குறிச்சிக்கு அப்புறம் எங்க வீட்டுல வினிகர் பாட்டிலைப் பாத்தாலே பயப்படறாங்க.

---

புளிச்சமாவு | மாதவரம் | ஞாயிறு காலை 8:50

வராதுங்க. சர்க்கரையை ஈஸ்ட் புளிக்க வச்சா வர்றது எத்தனால். பழத்துல இருக்கற பெக்டின்லருந்து துளியூண்டு மெத்தனால் வரும், ஆரஞ்சு ஜூஸ்லயே அது இருக்கு. 2023 மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கமும், 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியிலயும் நடந்தது வேற. ஆலைகளுக்குப் போகற மெத்தனாலையே சாராயம்னு ஊத்திக் குடுத்தாங்க. கள்ளக்குறிச்சியில மட்டும் 60 பேருக்கு மேல செத்துப்போனாங்க. அதையும் இஞ்சித் தண்ணியையும் ஒரே தட்டுல வைக்கவேணாம். இதுல பூஞ்சை வந்தா, பச்சையாவோ கறுப்பாவோ மேல படர்ந்தா, வாசனை முகத்தைச் சுளிக்க வச்சா, கொட்டிடணும். மேலோட்டமா வழிச்சுட்டுக் குடிக்கறது வேணாம்.

இஞ்சித் தோல்ல இருக்கறது ஈஸ்ட்டும் லாக்டிக் பாக்டீரியாவும். இட்லி மாவைப் பொங்க வைக்கறதுக்குச் சொந்தக்காரங்க. 1892லயே மார்ஷல் வார்டுன்னு ஒரு தாவரவியல்காரர் இஞ்சி பீர்ல இந்த ரெண்டும் கூட்டுக்குடித்தனம் நடத்தறதை எழுதி வச்சிருக்கார்.

தம்பி, மானி கெடைச்சுதா?

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | ஞாயிறு காலை 9:26

கெடைச்சுது அக்கா! டிப்போக்காரர் "என் பாலையா சந்தேகப்படற?"ன்னு முறைச்சார். இஞ்சி பீருன்னு சொன்னதும் இன்னும் முறைச்சார். அம்மா வந்து சொன்னப்புறம்தான் குடுத்தார், அரைமணி நேர வாடகைக்கு ஒரு டம்ளர் தரணுமாம்.

ஆத்தி, அளந்தேன். 34.

---

புளிச்சமாவு | மாதவரம் | ஞாயிறு காலை 9:30

38லருந்து 34. நாலு புள்ளி அண்டாலயே போயிடுச்சு, அந்த வாயு காத்தோட காத்தா கலந்தாச்சு. ஆல்கஹால் இப்பவே அரை சதவீதம் இருக்கும். இப்ப அடைச்சு 30ல நிறுத்துங்க. 33 டிகிரியில ஒருநாளைக்கு மேல வெளிய வைக்காதீங்க. ஃப்ரிட்ஜ்ல வச்சா ஈஸ்ட் சாகாது, தூங்கும். வெளிய எடுத்து வச்சா எழுந்துக்கும்.

---

தண்டையார்பேட்டை2தெம்பனீஸ் | சிங்கப்பூர் | ஞாயிறு காலை 9:38

அடைக்கறதுக்கு முன்னாடி, தம்பி:

கழுவறது வேற, கிருமி எடுக்கறது வேற. கண்ணாடின்னா இட்லிக் குண்டான்ல கவுத்துப் போட்டு கால்மணி நேரம் ஆவி காட்டலாம். பிளாஸ்டிக்குல கொதிக்கிற தண்ணி ஊத்தினீங்கன்னா 70 டிகிரிக்கு மேல சுருண்டு போயிடும். கை பொறுக்கற சூட்டுல கழுவி, கொதிச்சு ஆறின தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க. பாத்திரம் தேய்க்கற சோப்பு துளி ஒட்டினாலும் நுரை நிக்காது.

மேலருந்து கொட்டாதீங்க. டியூப் போட்டு, டியூப் நுனி பாட்டில் அடியைத் தொடற மாதிரி வச்சு மெதுவா இறக்குங்க. பீர்ல இதுக்குக் காரணமே வேற, காத்து கலந்தா ஈரமான அட்டைப்பெட்டி வாடை வந்துடும். உங்களுக்கு நுரை பொங்காம இருந்தா சரி. டியூபை வாயால உறிஞ்சாதீங்க, வாயில இருக்கற கிருமி பூரா உள்ள போகும். தண்ணி ரொப்பி, நுனியை விரலால மூடி, கீழ விடுங்க. அண்டா அடியில இருக்கற வண்டலைக் கலக்கவேணாம். கழுத்துல மூணு விரல் இடம் விடுங்க. பாட்டிலை லேசா நசுக்கி, இருக்கற காத்தை வெளிய தள்ளிட்டு மூடுங்க. நசுங்கின பள்ளம் நிமிர்றதைப் பாத்தே வாயு வர்றது தெரியும்.

பீர் பாட்டில் ஏன் பழுப்புன்னு கேக்கலைனாலும் சொல்லிடறேன். ஹாப்ஸ்ல இருக்கற கசப்பு வெயில் பட்டா நாத்தமடிக்கும். உங்க இஞ்சிக்கு அந்தத் தொல்லை கிடையாது.

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | ஞாயிறு மதியம் 12:20

அடைச்சாச்சு. அண்டா கோயிலுக்குப் போயாச்சு. நடந்தது நடந்தபடி:

அக்வாரியத்துக்குப் போடற புது டியூப் வாங்கினேன். விரலால மூடி இறக்கற வித்தை நாலு தடவையும் வரல. அஞ்சாவது தடவை, மன்னிச்சுக்கோங்க அண்ணே, வண்டியில பெட்ரோல் எடுக்கற மாதிரி வாயால இழுத்தேன். முதல் வாய் எனக்கு, மீதி பாட்டிலுக்கு. முதல் பாட்டிலுக்கே தரையில ஒரு டம்ளர் கொட்டிட்டேன். ரெண்டாவது பாட்டில் சொன்னபடி கச்சிதம். ரெண்டையும் பக்கெட்டுக்குள்ள நிக்க வச்சு மேல கோணி போத்தியாச்சு, பாத்ரூம் மூலையில.

வண்டல்ல கொஞ்சம் ஜாடிக்குத் திருப்பி ஊத்திட்டேன், அடுத்த ஈட்டுக்கு.

ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ஒரே ஒரு கண்ணாடி பாட்டில்லயும் ஊத்திட்டேன். ஆவி காட்டினேன், கார்க் அடிச்சேன், கயிறு கட்டினேன். மனசு கேக்கல. அவ்ளோ அழகா இருந்துச்சு, தேன் கலர்ல.

---

கோலிகுண்டு | பழைய வண்ணாரப்பேட்டை | ஞாயிறு மதியம் 12:31

எங்க தாத்தாவோட புருவத்துக்கு மரியாதையே இல்லாம போச்சு.

அதைத் தனி வாளியில வை. மேல கனமான துணி. பக்கத்துல போகும்போது கண்ணாடி போட்டுக்கோ, கூலிங் கிளாஸாவது. யாரையும் தொடவிடாத.

---

கடற்கரைக்காக்கா | ராயபுரம் | ஞாயிறு மதியம் 12:40

கூலிங் கிளாஸ் போட்டுனு பாத்ரூமுக்கு போற ஒரே ஆளு நீதான் நைனா.

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | திங்கள் காலை 6:10

பிளாஸ்டிக் பாட்டில்ல நசுக்கின பள்ளம் ராத்திரி பத்து மணிக்கே நிமிர்ந்துடுச்சு. இப்ப கட்டைவிரலால அழுத்தினா கல்லு மாதிரி இருக்கு. ஒண்ணை மட்டும் மெதுவா திருகி, உஸ்ஸ்னு வந்ததும் மூடிட்டேன். ஆபீசுக்குப் போகணும். ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம்னா இட்லி மாவு ஒரு தூக்கு, வஞ்சிரம் குழம்பு ஒரு சட்டி, கோயில்லருந்து வந்த கூழ் ஒரு குண்டான். அம்மா நகரமாட்டேங்கறாங்க. சாயங்காலம் வரைக்கும் வெளிய இருக்கலாமா?

---

புளிச்சமாவு | மாதவரம் | திங்கள் காலை 6:18

வேணாம். கல்லு மாதிரி ஆயிடுச்சுன்னா நேரம் வந்தாச்சு. கூழை இன்னைக்குக் குடிச்சு முடிங்க. அம்மாகிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க.

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | செவ்வாய் இரவு 9:05

கூழை நான் மூணு சொம்பு குடிச்சேன். பாட்டிலுக்கு இடம் கெடைச்சுது.

இன்னைக்கு எட்டு மணிக்குத் திறந்தோம். நல்லா ஜில்லுன்னு ஆனப்புறம், மொட்டை மாடியில, மூடியை நூல் நூலா திருகி. புஸ்ஸுனு ஒரு சத்தம், கழுத்து வரைக்கும் நுரை ஏறி வந்துச்சு, நின்னுது. டம்ளர்ல ஊத்தினா அடியிலருந்து சரம் சரமா குமிழி. இஞ்சி தொண்டையில பிடிக்குது, இனிப்பு பின்னாடி வருது, லேசா ஒரு புளிப்பு. ஆத்தி அளந்தேன் (மானியை இன்னும் திருப்பிக் குடுக்கல), 30. சூடு குறைஞ்சதால ஒரு புள்ளி முன்ன பின்ன இருக்கும்.

அந்தக் கண்ணாடி பாட்டில்தான் கேவலம். ஹெல்மெட் போட்டுக்கிட்டு, தள்ளி நின்னு கயித்தை அறுத்தேன். ஒண்ணும் நடக்கல. கார்க்கைப் பிடுங்கினா சத்தமே இல்ல. சப்புனு இருக்கு, ஆறிப்போன இஞ்சிக் கஷாயம் மாதிரி. கார்க்கைச் சுத்தி எறும்பு வரிசை கட்டி நின்னுச்சு.

---

கோலிகுண்டு | பழைய வண்ணாரப்பேட்டை | செவ்வாய் இரவு 9:12

கார்க் லூசு. வந்த காத்தெல்லாம் ஓரமா கசிஞ்சிருக்கு. அந்த எறும்புக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல. இறுக்கமா அடிச்சிருந்தா இந்நேரம் நீ வேற எங்கியோ உக்காந்து டைப் அடிச்சிருப்ப.

---

வக்கீல்_கோட்டு | ஜார்ஜ் டவுன் | செவ்வாய் இரவு 9:20

38லருந்து 30 ஆச்சுன்னா எட்டு புள்ளி. நம்ம அக்கா கணக்குப்படி ஒரு சதவீத ஆல்கஹால். நான் சொன்ன கோட்டைத் தாண்டிட்டீங்க. அடுத்த ஈட்டுக்கு என்ன செய்யலாம்னு கேட்டுச் சொல்லுங்க, இல்லைன்னா நான் இந்தப் பக்கமே வரல.

---

புளிச்சமாவு | மாதவரம் | செவ்வாய் இரவு 9:34

வக்கீல் சார் சொல்றது சரி. அண்டால ஒண்ணரை நாள் புளிச்சது வீண். நாலு புள்ளி வாயு துணி வழியா போச்சு, ஆல்கஹால் மட்டும் தங்கிடுச்சு. அடுத்த தடவை புளிப்பைக் கலந்த அன்னைக்கே பிளாஸ்டிக் பாட்டில்ல அடைச்சிடுங்க. 38ல மூடி 34க்கு வந்ததும் ஃப்ரிட்ஜ். அதே நுரை, ஆல்கஹால் பாதி. இனிப்பு தூக்கலா இருந்தா சர்க்கரையைக் குறைச்சுக்கோங்க, நாலு புள்ளி கணக்கு மாறாது. திறந்தா மூணு நாலு நாளைக்குள்ள காலி பண்ணிடணும்.

---

தண்டையார்பேட்டை2தெம்பனீஸ் | சிங்கப்பூர் | செவ்வாய் இரவு 9:41

தம்பி, வாழ்த்து. என் முதல் ஈட்டுல குடிக்கற மாதிரி தேறினது ஏழே பாட்டில். பொங்கலுக்கு ஊருக்கு வரேன், தண்டையார்பேட்டைலருந்து பெரம்பூர் எவ்ளோ தூரம்? ஆனா ஷேர் ஆட்டோவுல குலுக்கிக் கொண்டாந்து குடுக்காதீங்க, நானே வந்து குடிக்கறேன்.

---

லோகோ_ஆன்ட்டி | பெரம்பூர் | செவ்வாய் இரவு 9:50

திராட்சை போட்டியா கண்ணு?

---

இஞ்சிமொரப்பா | பெரம்பூர் | செவ்வாய் இரவு 10:02

போடல ஆன்ட்டி, அடுத்த ஈட்டுக்குப் போடறேன். டிப்போக்காரருக்கு ஒரு டம்ளர் குடுத்தாச்சு, "பாலை விட சுத்தம்"னார். அம்மா அரை டம்ளர் குடிச்சுட்டு ஒண்ணும் சொல்லல. அப்புறம் மீதி அரை டம்ளரையும் கேட்டாங்க. அடுத்தது ரெண்டு லிட்டர்தான் போடணுமாம், எலுமிச்சைக்குப் பதிலா நாரத்தங்காய். ஃப்ரிட்ஜ்ல கீழ்த்தட்டு மட்டும் எனக்கு, மாவுத் தூக்கைத் தொடக்கூடாது.